கோப்பா எம்எக்ஸ், அபெர்துரா 2012: இரண்டாம் நிலை அணிகள் இரண்டு மோதிய இறுதிப்போட்டி கோப்பைக்குப் பெருமையா, குறையா?

வலைக்காப்பு எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த மெக்சிகோவின் உள்நாட்டுக் கால்பந்துக் கோப்பைப் போட்டி, அபெர்துரா எனப்படும் ஆண்டின் பிற்பாதிப் பருவத்தில், 2012 ஜூலை 24 அன்று மீண்டும் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று குலியாக்கான் நகரில் நிறைவுற்றது. இறுதிப்போட்டியில் டோராடோஸ் டி சினலோவாவும் கோரேகாமினோஸும் மோதின. தொண்ணூறு நிமிடங்களின் முடிவில் இரு அணிகளும் ஆளுக்கு இரண்டு கோல்கள் அடித்துச் சமநிலையில் நின்றன. பெனால்டி உதைகளில் டோராடோஸ் 5-4 என்ற கணக்கில் வென்று கோப்பையைத் தன் ஊரிலேயே வைத்துக்கொண்டது. இந்த இரண்டு அணிகளும் அப்போது முதல்நிலை லீகான லிகா எம்எக்ஸில் இல்லை என்பதுதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம். இரண்டுமே அசென்சோ எம்எக்ஸ் எனப்பட்ட இரண்டாம் நிலை லீகைச் சேர்ந்தவை.

அன்றைக்கு நேரலையாகப் பார்க்க வழியில்லாமல், கைபேசித் திரையில் வரி வரியாக வந்த எழுத்து வர்ணனையைத்தான் நான் பின்தொடர்ந்தேன். உதைகள் தொடங்கியதும் குறிப்பேட்டில் இரண்டு வரிசைகள் போட்டு, உள்ளே போன உதைக்கு ஒரு வட்டம், போகாத உதைக்கு ஒரு பெருக்கல் குறி என்று குறித்துக்கொண்டே வந்தேன். பென்சிலை அழுத்திப் பிடித்ததில் தாளின் மறுபக்கத்தில் பதிந்த தடம் இன்றும் தெரிகிறது.

இந்தக் கோப்பையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அந்த முதல் பருவத்தை ஒரு தடுமாற்றமாகவும், பெரிய அணிகள் விழித்துக்கொள்வதற்கு முன் நடந்த விபத்தாகவும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். என் எண்ணம் நேர்மாறானது. அந்தக் கோப்பை நடந்த எட்டு ஆண்டுகளில் அதன் நோக்கம் முழுமையாக நிறைவேறிய பருவம் அது ஒன்றுதான் என்று நான் கருதுகிறேன். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

எல்லைக்கோடு எழுதியது:

மாற்றுக்கருத்து எனக்கு உண்டு. எந்த நாட்டிலும் ஒரு சிறிய அணி பெரிய அணிகளை ஒவ்வொன்றாக வீழ்த்தி இறுதிக்கு வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இறுதியில் நிற்கும் இரண்டு அணிகளுமே இரண்டாம் நிலையைச் சேர்ந்தவையாக இருந்தால், முதல்நிலை அணிகள் அந்தப் போட்டியை மதித்து ஆடவில்லை என்றே பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது. செவ்வாய், புதன் கிழமைகளில் நடந்த ஆட்டங்கள் அவை. வார இறுதியில் லீக் ஆட்டம் காத்திருக்கும்போது எந்தப் பயிற்சியாளர் தன் முதல் பதினொருவரைக் கோப்பைக்கு இறக்குவார்? மாற்று வீரர்களும் இளையோரும் ஆடிய அணிகளை வென்றதை வெற்றி என்று சொல்லலாம்; கோப்பையின் நோக்கம் நிறைவேறியது என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று, மான்டெரே, சாந்தோஸ் லகுனா, டிக்ரெஸ், குவாதலஹாரா ஆகிய நான்கு அணிகளும் அந்த அரையாண்டில் வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளின் அணிகள் மோதும் கான்ககாஃப் சாம்பியன்ஸ் லீகில் ஆடியதால் கோப்பையில் கலந்துகொள்ளவே இல்லை. நாட்டின் வலுவான அணிகள் சில இல்லாமல் நடந்த போட்டியை நாட்டின் கோப்பை என்று அழைப்பதே எனக்கு உறுத்துகிறது.

பழைய அட்டவணை எழுதியது:

இந்த விவாதத்துக்குள் போவதற்கு முன் பின்னணியைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோப்பை 2012இல் பிறந்தது அன்று. மெக்சிகோவில் பிரிட்டனின் தூதராக இருந்த ரெஜினால்ட் டவர் வழங்கிய கிண்ணத்துக்காக 1907-08இல் தொடங்கிய போட்டியே இதன் வேர். முதல் கிண்ணத்தைச் சுரங்கத் தொழிலாளர்களின் ஊரான பச்சூகா வென்றது. பின்னர் அது கோப்பா மெக்சிகோ என்று பெயர் மாறி, இடையிடையே நின்றும் தொடர்ந்தும் 1996-97 வரை நடந்தது. அந்தக் கடைசிக் கோப்பையைக் குரூஸ் அசுல் வென்றது.

அது நின்றுபோனதற்கு முதன்மையான காரணம் நாட்காட்டியில் இடமில்லாமல் போனதே. 1996 முதல் மெக்சிகோ லீக் ஓராண்டுக்கு ஒரு சாம்பியன் என்ற முறையைக் கைவிட்டு, அரையாண்டுக்கு ஒரு சாம்பியன் என்ற குறும்போட்டி முறைக்கு மாறியது. ஆண்டுக்கு இரண்டு முறை இறுதிச் சுற்றுகள் வந்தன. 1998 முதல் மெக்சிகோ அணிகள் தென்னமெரிக்காவின் கோப்பா லிபர்தடோரெஸிலும் ஆடத் தொடங்கின. வாரத்தின் நடுவில் இருந்த நாட்கள் இப்படி ஒவ்வொன்றாகப் போனபின் கோப்பைக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

அந்தப் பழைய காலத்திலும் கோப்பையின் மதிப்பு ஐயத்துக்குரியதாகவே இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1995-96இல் டிக்ரெஸ் அணி கோப்பா மெக்சிகோவை வென்றது; அதே பருவத்தில் முதல்நிலையிலிருந்து கீழே இறக்கவும்பட்டது. மூன்று ஆண்டுகளின் புள்ளிச் சராசரியைக் கொண்டே கீழிறக்கம் முடிவாகும் முறை அங்கே இருந்ததால், கையில் இருந்த கோப்பை அவர்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

2012இல் லீகின் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டு, லிகா எம்எக்ஸ், அசென்சோ எம்எக்ஸ் என்ற புதிய பெயர்கள் வந்தபோதுதான், அதே வரிசையில் கோப்பா எம்எக்ஸ் என்ற பெயரில் இதுவும் திரும்பி வந்தது.

வலைக்காப்பு எழுதியது:

பழைய அட்டவணை ஐயாவுக்கு நன்றி. எல்லைக்கோடு அவர்கள் எழுப்பிய இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, அந்த நான்கு அணிகள் இல்லை என்பது உண்மை. ஆனால் லிகா எம்எக்ஸின் மற்ற பதினான்கு அணிகளும் இருந்தன. அசென்சோவிலிருந்து பதினான்கு அணிகள் சேர, மொத்தம் இருபத்தெட்டு அணிகள் ஏழு குழுக்களாகப் பிரிந்து ஆடின. ஒரே குழுவில் இருந்த இரண்டு அணிகள் ஒன்றையொன்று சொந்த மண்ணில் ஒருமுறை, எதிரணி மண்ணில் ஒருமுறை என அடுத்தடுத்துச் சந்தித்தன. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்பதோடு, இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் சேர்த்துப் பார்த்து முந்திய அணிக்குக் கூடுதலாக ஒரு புள்ளி கிடைத்தது. இந்தக் கூடுதல் புள்ளியின் நுட்பம் பலருடைய கவனத்துக்கு வரவில்லை. முதல் ஆட்டத்தை 1-0 என வென்றுவிட்டுத் திரும்பும் அணி, அடுத்ததில் ஒதுங்கி நின்று ஆட முடியாது. இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றால் அந்த ஒரு புள்ளியும் எதிரணிக்குப் போய்விடும். ஆகவே குழுச் சுற்றிலேயே ஒவ்வொரு இணை ஆட்டமும் ஒரு சிறு வெளியேற்றுச் சுற்றைப் போல அமைந்தது.

இரண்டாவது, மாற்று வீரர்களை ஆடவிட்டது யாருடைய முடிவு? அந்த அணிகளின் முடிவு. தன் வலிமையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் தோற்றால், வென்றவரின் வெற்றியில் நாம் ஏன் குறைகாண வேண்டும்? அத்துடன் கோரேகாமினோஸ் எளிய அணியும் அன்று. 2011 அபெர்துராவில் இரண்டாம் நிலை லீகின் சாம்பியன் அவர்கள்தான். 2012 மே மாதம் முதல்நிலைக்கு ஏறும் இறுதி மோதலில் லெயோன் அணியிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்த லெயோன் மேலே போய் என்ன செய்தது என்று பாருங்கள்: 2013 அபெர்துரா, 2014 கிளவுசுரா (ஆண்டின் முற்பாதிப் பருவம்) என்று அடுத்தடுத்து இரண்டு முறை நாட்டின் சாம்பியன் ஆனது. அப்படிப்பட்ட அணியோடு ஒரே படிக்கட்டில் நின்று போராடியவர்களைக் கத்துக்குட்டிகள் என்று தள்ளிவிட முடியாது.

மஞ்சள் அட்டை எழுதியது:

ஒரே ஆண்டில், மே மாதம் ஓர் இறுதி, அக்டோபரில் இன்னோர் இறுதி, இரண்டிலும் தோல்வி. கோரேகாமினோஸின் இந்த வலியை யாரும் பேசுவதில்லை. டமாவுலிபாஸ் மாநிலத்தின் தலைநகரான சியுடாட் விக்டோரியாவில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் அணி அது. பெயரின் பொருள் வழியோடும் பறவை. பெரும்பாலும் பறக்காமல் தரையில் ஓடும், அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களில் வாழும் அந்தப் பறவையைத்தான் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

டோராடோஸின் சின்னம் மீன். 2003இல் தொடங்கப்பட்ட அணி அது. கோப்பையை வென்றபோது வயது ஒன்பதுதான். அதிலும் குலியாக்கான் அடிப்படையில் பேஸ்பால் ஊர். தோமாதெரோஸ் என்ற பேஸ்பால் அணிதான் அந்த மக்களின் முதல் காதல். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கால்பந்துக் கோப்பை.

பழைய அட்டவணை எழுதியது:

டோராடோஸைப் பற்றி இன்னொரு செய்தி. பின்னாளில் புகழ்பெற்ற பயிற்சியாளரான பெப் குவார்டியோலா, விளையாட்டு வீரராகக் கடைசியாக ஆடிய அணி இதுதான். பயிற்சியாளர் ஹுவான் மானுவேல் லியோவிடம் கற்க வேண்டும் என்பதற்காகவே அவர் 2006இல் அங்கே போனார். அவர் ஆடியும் அந்த ஆண்டு டோராடோஸ் முதல்நிலையிலிருந்து இறங்கியது. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் இந்தக் கோப்பை. 2018இல் மரடோனா அதே அணிக்குப் பயிற்சியாளராக வந்து, அடுத்தடுத்து இரண்டு முறை இரண்டாம் நிலை லீகின் இறுதிவரை கொண்டுசென்றார். இரண்டிலும் அட்லெடிகோ சான் லூயிஸிடம் தோற்றார்கள். குவார்டியோலாவும் மரடோனாவும் காலடி வைத்த அந்த அணிக்குக் கோப்பை கிடைத்தது அவர்கள் இருவரும் இல்லாத ஆண்டில்.

இடது காலன் எழுதியது:

இருவரும் இல்லை, ஆனால் மெக்சிகோ தேசிய அணிக்காக ஆடிய தாக்குதல் வீரர் குவாதேமோக் பிளாங்கோ அன்று டோராடோஸில் இருந்தார். அவரைப் பற்றி ஒருவரும் இதுவரை எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2012இல் அவருக்கு வயது முப்பத்தொன்பது.

1998 உலகக் கோப்பையில் தென்கொரியாவுக்கு எதிராகப் பிரான்சின் லியோன் நகரில் அவர் செய்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பக்கக்கோட்டை ஒட்டி இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் அவரை மறித்து நிற்கிறார்கள். பந்தை உதைக்கவோ உருட்டவோ அவர் முயலவில்லை. இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு தவளையைப் போல அப்படியே குதித்து, இருவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாகப் பந்தோடு மறுபக்கம் இறங்குகிறார். தடுத்தவர்கள் திரும்புவதற்குள் பந்து மறுபடி தரையில் உருள்கிறது. அந்த மனிதர் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் நிலை அணியில் இளைஞர்களோடு சேர்ந்து இந்தக் கோப்பைக்காக ஆடினார்.

பிறகு 2015 கிளவுசுராவில் புவெப்லா அணியோடு அதே கோப்பையை மீண்டும் வென்றார். ஏப்ரல் 21 அன்று நடந்த இறுதியில் குவாதலஹாராவை 4-2 என வீழ்த்தினார்கள். அந்தக் கோப்பையோடுதான் அவருடைய விளையாட்டு வாழ்க்கை நிறைவடைந்தது; மெக்சிகோ நகரின் அமெரிக்கா என்ற அணிக்காக 2016இல் ஆடிய ஒரே ஓர் ஆட்டம் விடைபெறுவதற்காக ஆடியது. நாற்பதைத் தொடும் வயதில் ஓர் ஆட்டக்காரருக்கு ஊர்ஊராகப் போய் ஆட இன்னும் ஒரு களம் இருந்தது என்றால், அதில் இந்தக் கோப்பைக்கும் பங்குண்டு.

எல்லைக்கோடு எழுதியது:

பிளாங்கோவின் பங்கை நான் மறுக்கவில்லை. கோரேகாமினோஸின் 2011 வெற்றியையும் வலைக்காப்பு அவர்கள் சொன்ன பிறகே எண்ணிப்பார்த்தேன். அந்த அளவில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஆட்ட முறையைப் பற்றிய என் குறை அப்படியே நிற்கிறது. வெளியேற்றுச் சுற்றுகளில் கூடுதல் நேரம் இல்லை. தொண்ணூறு நிமிடங்கள் முடிந்தால் நேரே பெனால்டி உதைகள். முதல் மூன்று இறுதிப்போட்டிகளும் அப்படியே முடிந்தன. 2012இல் குலியாக்கான், 2013 ஏப்ரலில் கான்கூனில் கோல் ஏதுமில்லாமல் முடிந்து, குரூஸ் அசுல் அட்லாண்டேயை 4-2 என வென்றது, அதே ஆண்டின் இறுதியில் மொரேலியா, அட்லாஸுடன் 3-3 என நின்றபின் 3-1 என வென்றது. முதல் பத்து இறுதிகளில் ஆறு இந்த வகையில்தான் முடிந்தன. அரை மணி நேரம் கூடுதலாக ஆடி யார் வலியவர் என்று முடிவு செய்யும் வாய்ப்பே தராமல் கோப்பையைக் கையில் கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இரண்டு கட்டங்களாக இறுதியை நடத்தியிருந்தால்கூட மேலாக இருந்திருக்கும்.

மஞ்சள் அட்டை எழுதியது:

இரண்டு கட்டங்களாகவும் ஒருமுறை நடந்தது. 2019-20இல் அரையாண்டு முறையைக் கைவிட்டு ஓராண்டுக்கு ஒரு கோப்பை என்று மாற்றினார்கள். பெருந்தொற்றினால் இறுதி தள்ளிப்போய், மான்டெரேயும் டிஹுவானாவும் 2020 இலையுதிர் காலத்தில்தான் மோதின. டிஹுவானாவில் 1-0, சொந்த மண்ணில் 1-1 எனச் சேர்த்து மான்டெரே வென்றது. நவம்பர் 4 அன்று முடிந்த அந்த ஆட்டத்துக்குப் பின் கோப்பா எம்எக்ஸ் நடக்கவே இல்லை.

வலைக்காப்பு எழுதியது:

கூடுதல் நேரம் இல்லாத முறையைப் பற்றி எல்லைக்கோடு அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புதன்கிழமை இரவு நூற்றிருபது நிமிடங்கள் ஆடிவிட்டு, பெரிய நாடான மெக்சிகோவில் அடுத்த ஊருக்குப் பயணித்து, வார இறுதியில் லீக் ஆட்டம் ஆட இரண்டாம் நிலை அணியிடம் அத்தனை வீரர்கள் கிடையாது. பெரிய அணிக்கு மாற்று ஆட்கள் பலர் உண்டு. கூடுதல் நேரம் என்பது அவர்களுக்கே சாதகம். எனவே அந்த விதி சிறிய அணிகளின் மூச்சைக் காத்தது என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். மெக்சிகோவில் முதல்நிலை லீகில் இடம் என்பது திடலில் மட்டும் கிடைப்பதன்று. அது வாங்கவும் விற்கவும் ஊர் மாற்றவும் படுகிறது. 2013 மே மாதம் மிச்சோவாகான் மாநிலத்தின் சிறு நகரமான லா பியெடாட்டின் அணி முதல்நிலைக்கு ஏறும் தகுதியை வென்றது. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் அணியின் இடம் வெராக்ரூஸுக்கு மாற்றப்பட்டது. அந்த வெற்றியின் பயனாக வென்ற ஊரின் மக்கள் தங்கள் திடலில் ஒரு முதல்நிலை ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. 2018இல் லோபோஸ் பூவாப் அணி கீழிறங்க வேண்டிய நிலையில் பன்னிரண்டு கோடி பெசோ செலுத்தி மேலேயே தங்கியது. அடுத்த ஆண்டு அதன் இடத்தை ஹுவாரெஸ் வாங்கிக்கொண்டது. இதே ஹுவாரெஸ் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2019 ஏப்ரலில், இரண்டாம் நிலை அணியாகக் கோப்பா எம்எக்ஸ் இறுதியில் தன் சொந்த மண்ணில் அமெரிக்கா அணியிடம் 1-0 எனத் தோற்றிருந்தது. ஆடி வெல்ல முடியாத இடம், காசோலையால் கிடைத்தது.

இப்படிப்பட்ட அமைப்பில் டோராடோஸ் 2012இல் வென்ற அந்தக் கோப்பை ஒன்றுதான் எவராலும் விலைபேச முடியாதது. அணியின் இடத்தை விற்கலாம், உரிமையாளர் மாறலாம், 2015இல் மேலே ஏறி 2016இல் மறுபடி இறங்கலாம். டோராடோஸுக்கு இவை பெரும்பாலும் நடக்கவும் செய்தன. 2012 அக்டோபர் 31 என்ற தேதியை மட்டும் யாரும் வேறு ஊருக்கு எடுத்துச்செல்ல முடியாது. பதினைந்து பருவங்களில் இரண்டாம் நிலை அணிகள் ஐந்து முறை இறுதியாளர்களாக வந்தன: டோராடோஸ், கோரேகாமினோஸ், 2014இல் அலெப்ரிஹெஸ் டி ஓஹாக்கா, 2016இல் நெகாக்ஸா, 2019இல் ஹுவாரெஸ். வென்றது டோராடோஸ் மட்டுமே.

இடது காலன் எழுதியது:

லா பியெடாட்டின் கதையை இப்போதுதான் முழுமையாக அறிகிறேன். வெராக்ரூஸ் 2016இல் நெகாக்ஸாவை 4-1 என வென்று கோப்பையைத் தூக்கியபோது நான் கைதட்டினேன். அந்த அணி நின்ற இடம் வேறொரு ஊர் வியர்வை சிந்தி வென்ற இடம் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு வேறு மாதிரி பார்த்திருப்பேன்.

எல்லைக்கோடு எழுதியது:

வலைக்காப்பு அவர்களின் கடைசிப் பதிவை இரண்டு முறை படித்தேன். வாங்கி விற்கும் அமைப்புக்கு எதிரில் வைத்துப் பார்க்கும்போது அந்த இறுதிப்போட்டி வேறு முகம் காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது பெரிய அணிகள் ஏன் மதிக்கவில்லை என்று; நீங்கள் சொல்வது சிறிய அணிகள் எவ்வளவு மதித்தன என்று. அவர்கள் மதித்ததற்கு ஏற்ற பரிசை நிர்வாகம் வைத்ததா என்பதே இப்போது என் கேள்வி. 2014 முதல் இரண்டு அரையாண்டுக் கோப்பை வெற்றியாளர்களும் சூப்பர்கோப்பாவில் மோதி, வென்றவர் லிபர்தடோரெஸுக்குப் போகும் வழி வந்தது. முதல் முறை மொரேலியா டிக்ரெஸை வென்று 2015 லிபர்தடோரெஸில் ஆடியது. டோராடோஸ் வென்றபோது அந்தச் சூப்பர்கோப்பா இல்லை.

பழைய அட்டவணை எழுதியது:

சூப்பர்கோப்பா வந்த ஆண்டிலேயே அதன் வாசலில் ஓர் இரண்டாம் நிலை அணி நின்றது என்பதை நினைவூட்டுகிறேன். 2014 ஏப்ரலில் டிக்ரெஸிடம் 3-0 எனத் தோற்ற ஓஹாக்கா அன்று வென்றிருந்தால், மொரேலியாவைச் சந்தித்திருப்பது அவர்கள்தான். லிபர்தடோரெஸ் ஒரே ஒரு மோதலின் தொலைவில் இருந்திருக்கும். அப்போது இந்தக் கேள்விக்கு நிர்வாகம் திடலிலேயே விடை சொல்லியிருக்க வேண்டியிருக்கும்.

2020 ஏப்ரலில் நிர்வாகம் ஏற்றமும் இறக்கமும் இரண்டையும் நிறுத்தி, அசென்சோவை லிகா டி எக்ஸ்பான்சியோன் என்று மாற்றியது. கோப்பையும் அதே ஆண்டு நின்றது. 2023 முதல் கோடையில் ஒரு மாதம் லிகா எம்எக்ஸின் அணிகள் அனைத்தும் வடக்கே அமெரிக்க, கனடிய அணிகளோடு லீக்ஸ் கோப்பை ஆடச் செல்கின்றன. இரண்டாம் நிலை அணிகளுக்கு அதில் இடமில்லை.

மஞ்சள் அட்டை எழுதியது:

அப்படியானால் 2020க்குப் பின் கோரேகாமினோஸ் மாதிரி ஓர் அணி லீகில் முதலிடம் பிடித்தாலும் மேலே ஏற முடியாமல் போனது. அமெரிக்கா, குரூஸ் அசுல் போன்ற அணிகள் செவ்வாய்க்கிழமை இரவில் கோப்பை ஆட்டத்துக்காக சியுடாட் விக்டோரியாவுக்கு வருவதும் இல்லை. அந்த ஊர்ப் பையன் ஒருவனுக்கு அந்த ஆட்டக்காரர்களைத் தன் ஊர் மின்விளக்கின் கீழே பார்க்கக் கிடைத்த இரவுகளைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வலைக்காப்பு எழுதியது:

ஆம். எனக்கும் அதுதான் மிகப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

பழைய அட்டவணை ஐயா குறிப்பிட்ட 2014 கிளவுசுராவைப் பற்றி, ஓஹாக்கா அணி சான் நிக்கோலாஸில் டிக்ரெஸின் திடலுக்குள் இறங்கிய அந்த இறுதியைப் பற்றி, அடுத்த வாரம் தனி இழை தொடங்குகிறேன். குழுச் சுற்று முடிவுகளைத் தொகுத்து வைத்திருப்பவர்கள் இங்கேயே இட்டால் உதவியாக இருக்கும்.